மாடிப்படி அனுப்பிய திருத்தம்

சின்னவன் வீட்டை விட்டுப் போன அன்று மேசையில் நான்கு தட்டுகள் இருந்தன. அதில் ஒன்றை அம்மா கழுவித் துடைத்து, அலமாரியில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். இன்றைக்கும் அது அங்கேயேதான் இருக்கிறது. கூடவே படித்து வருகிறவர்களுக்கு அந்தத் தட்டைத் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

நல்ல வேலையை உதறிவிட்டு ஒரு மென்பொருள் எழுதப் போகிறேன் என்றான் சின்னவன். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அப்படி ஒரு மென்பொருள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரார் வீட்டு லிஃப்ட்டை எல்லாம் பழுது பார்த்துத்தான் தன் குடும்பத்தை மேலே ஏற்றினார். "ஊருக்கு இலவசமா உழைக்கிறவனுக்கு இந்த வீட்டுல தட்டு எதுக்கு?" என்று கேட்டுவிட்டார்.

சின்னவன் பெரியவளைப் பார்த்தான். அக்கா ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தான்.

பெரியவள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய் தவறி வந்த ஒரு வார்த்தையும், வாய்க்குள்ளேயே நின்றுபோன ஒரு வார்த்தையும் சேர்ந்து ஒரு பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டன. அதற்குப் பிறகு பெரியவள் எப்போது கூப்பிட்டாலும் "அப்புறம் பேசறேன்க்கா" என்பான். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

அவன் சொன்னபடியே மென்பொருளை எழுதி முடித்தான். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடி விளக்கு இதெல்லாம் எப்போது பழுதானது, யார் வந்து பார்த்தார் என்று குறித்து வைக்கிற மென்பொருள். அதற்கு நீளமாக ஒரு கையேடும் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருந்தான். ஒருநாள் பெரியவள் அதைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தாள். முதல் பக்கத்திலேயே சிரித்துவிட்டாள். அப்புறம் அழுதாள்.

பக்கம் முழுக்க எழுத்துப் பிழைகள். பள்ளிக்கூட நாளில் அவன் கட்டுரைகளை அவள்தான் திருத்திக் கொடுப்பாள். ஆள்தான் வளர்ந்திருந்தான். பிழைகள் அதே வயதில் நின்றிருந்தன.

பக்கத்தின் ஓரத்தில் ஒரு பென்சில் படம் இருந்தது. அதைத் தொட்டால் யாரும் ஒரு திருத்தத்தை எழுதி அனுப்பலாம். சின்னவன் பார்த்து ஏற்றுக்கொண்டால் அது கையேட்டில் சேரும். 'கண்ணாடி' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு பெரியவள் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது. "சேர்த்துவிட்டேன். நன்றி."

தம்பியிடமிருந்து ஒரு நன்றி! அன்றிலிருந்து அவள் கஞ்சத்தனம் பிடிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கத்தில் பத்துப் பிழை கண்ணில் பட்டாலும் ஒன்றைத்தான் திருத்துவாள். ஒரு பிழைக்கு ஒரு நன்றி. மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்வாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த கதைக்குத்தான் இன்று காலை முட்டுக்கட்டை விழுந்தது.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் போனுமாக நின்றபடி பெரியவள் கையேட்டைத் திறந்தாள். மேலே புதிதாக ஓர் அறிவிப்பு.

"நண்பர்களே, சொந்தக் காரணத்தால் இனி இந்த வேலைக்கு என்னால் நேரம் ஒதுக்க முடியாது. இன்று மாலை ஆறு மணிக்கு இதைப் பூட்டுகிறேன். அதன் பிறகும் எல்லாரும் எடுக்கலாம், படிக்கலாம். ஆனால் எதையும் மாற்ற முடியாது. வந்திருக்கும் திருத்தங்களை அதற்குள் வரிசையாகப் பார்த்துவிடுகிறேன்."

சீப்பு தலையிலேயே நின்றது.

அறிவிப்புக்குக் கீழே, கையேட்டின் முதல் வரியாக, நேற்று வரை இல்லாத ஒரு வரி இருந்தது.

"பழுதை விட்டுவிட்டு வீடு திறும்பாதே என்று கற்றுத்தந்த அப்பாவுக்கு."

அதிலும் ஒரு பிழை. 'திரும்பாதே' என்பதில் தப்பான எழுத்து.

"என்னடி, சிலை மாதிரி நிக்கிறே?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

"ஒண்ணுமில்லம்மா. சிக்கு."

வெளியே பால்கனியில் அப்பாவின் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடும் போனை அத்தனை வருஷம் எடுத்தவர். யார் பேசினாலும் அவருடைய முதல் வாக்கியம் ஒன்றுதான்.

"பயப்படாதீங்க. உள்ள எத்தனை பேரு?"

அந்தப் பக்கம் யாரோ பேசினார்கள். "ஓ, பேங்க்குலேருந்தா? கடனா? வேண்டாம்மா. ஹலோ? ஹலோ?"

"வச்சுட்டாளா?" என்று அம்மா சிரித்தாள். "பாவம், அவளும் பொழைக்க வேணாமா? எடுத்ததும் உள்ள எத்தனை பேருன்னு கேட்டா எவதான் பேசுவா?"

சின்ன வயதில் அது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. சின்னவன் துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வான். பெரியவள் வெளியே நின்று அப்பா குரலில் கேட்பாள். "பயப்படாதீங்க. உள்ள எத்தனை பேரு?" உள்ளேயிருந்து பதில் வரும். "ஒருத்தன்தான். சீக்கிரம் வாங்க."

பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "போயிட்டு வரேன்பா."

அப்பா சட்டென்று போனை மடியில் கவிழ்த்தார். "ம்... பார்த்துப் போம்மா."

இப்போதெல்லாம் அவள் தலையைக் கண்டாலே போனைக் கவிழ்க்கிறார். சீட்டாட்டம் ஏதாவது பிடித்துக்கொண்டதோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். இன்றைக்கு அதை யோசிக்க நேரமில்லை.

*

பெரியவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். சுவரில் எழுத்துப் பலகை, முன்னால் நாற்காலி, உள்ளறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். இயந்திரத்துக்குப் பின்னால் லென்ஸ் அண்ணன்.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஒரு எழுத்தைத் திருத்தி அனுப்பினாள். கூடவே ஏதாவது எழுதலாம் என்று கட்டத்தில் விரலை வைத்தாள். 'தம்பி' என்று எழுதினாள். அழித்தாள். 'நான்தான்டா' என்று எழுதினாள். அதையும் அழித்தாள். அன்றைக்கு மேசையில் வராத வார்த்தை இன்றைக்கு மட்டும் விரலுக்கு எங்கிருந்து வரும்? கடைசியில் வழக்கம்போல 'எழுத்துப் பிழை திருத்தம்' என்று போட்டு அனுப்பினாள்.

ஆறு மணிக்கு மேல் அதுவும் கிடையாது. அவனோடு இருந்த ஒரே நூல் அது. ஒற்றை நூல். அதையும் அவனே கத்தரிக்கப் போகிறான்.

"கீழ்வரிசை தெரியுதா சார்?" என்று நாற்காலியில் இருந்தவரைக் கேட்டாள்.

"எது?"

"கீழ கடைசி வரி."

"வரி இருக்கறதே நீ சொல்லித்தான்மா தெரியுது."

உள்ளேயிருந்து லென்ஸ் அண்ணன் சிரித்தார். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கவனித்துவிட்டார்.

"என்னம்மா, கப்பல் கவுந்துடுச்சா?"

"இல்லண்ணே. சாயங்காலம் கவுந்துடும்."

மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்தது. பெரியவள் போனை எடுத்து வரிசையைப் பார்த்தாள். உலகத்தின் ஏதேதோ மூலையிலிருந்து வந்த திருத்தங்களைச் சின்னவன் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டிருந்தான். அவளுடையதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அவளுடையதற்கு அடுத்து, கடைசியாக, இன்னொன்று வந்திருந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

மாடிப்படி.

இந்த மாடிப்படி யாரோ, எவரோ. கொஞ்ச நாளாகத்தான் வருகிற ஆசாமி. திருத்துகிறேன் பேர்வழி என்று வந்து, சரியாக இருப்பதைத் தப்பாக்கிவிட்டுப் போகிறவர். 'பராமரிப்பு' என்று ஒழுங்காக இருந்ததை 'பறாமரிப்பு' ஆக்கினார். சின்னவன் அதையும் ஏற்றுக்கொண்டு நன்றி வேறு சொன்னான். பெரியவள் பின்னாலேயே போய் அதைப் பழையபடி ஆக்கினாள். மாடிப்படி மறுபடி மாற்றினார். போன வாரம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "தெரியாத வேலையில் கை வைக்காதீர்கள்" என்று கீழே எழுதிவிட்டாள். அதோடு அந்த ஆளைக் காணவில்லை. விட்டது சனி என்று நினைத்திருந்தாள்.

இன்றைக்கு வந்திருக்கிறார். அதுவும் அவள் திருத்திய அதே வரிக்கு!

ஒரே வரியை இருவர் மாற்றினால் ஒன்றுதான் நிற்கும். முன்னால் வந்ததை ஏற்றுக்கொண்டால் பின்னால் வந்தது அதோடு மோதும். தளம் அதை உள்ளே விடாது. திருத்தியவரே மறுபடி வந்து சீராக்கி அனுப்பவேண்டும். ஆறு மணிக்குள் மாடிப்படியால் அது ஆகாது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேதான், என்ன கெடுத்து வைத்திருக்கிறார் பார்க்கலாம் என்று திறந்தாள்.

"பழுதை விட்டுவிட்டு வீடு திறும்பாதே என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள்ளேயே ஒரு பழுதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு."

கீழே கட்டத்தில் ஒரு குறிப்பு. "எழுத்துப் பிழை. சரி பார்த்தேன். ஓடுகிறது."

பெரியவள் அதை இரண்டாவது முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்க முடியவில்லை. எழுத்து கலங்கியது.

சரி பார்த்தேன். ஓடுகிறது. எத்தனை கட்டடங்களில், எத்தனை லிஃப்ட் அறைச் சுவர்களில் தொங்கிய அட்டைகளில் அந்தச் சொற்களை அவள் பார்த்திருக்கிறாள்! பழுது பார்த்து முடித்ததும் அப்பா அட்டையில் எழுதுகிற வாசகம் அது. ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

பால்கனியில் கவிழ்த்த போன். சீட்டாட்டம் இல்லை.

போன வாரம், அவள் அந்தக் குறிப்பை எழுதிய அன்று, அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனது நினைவுக்கு வந்தது. "வயிறு சரியில்லை" என்றார். தெரியாத வேலையில் கை வைக்காதீர்கள். அதைப் படித்துவிட்டு வந்துதான் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே," என்றாள் பெரியவள். இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "அண்ணே!"

லென்ஸ் அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். "என்னம்மா? யாருக்கு என்ன?"

"எங்கப்பாண்ணே..."

"ஐயையோ, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எங்கப்பா மன்னிப்புக் கேட்டிருக்காருண்ணே."

லென்ஸ் அண்ணனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் பெண்பிள்ளை பெற்றவர். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

பெரியவள் வரிசையைப் பார்த்தாள். சின்னவன் நெருங்கிவிட்டான். அவளுடையதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அவளுடையதை ஏற்றுக்கொண்டால் அப்பாவின் வரி மோதி வெளியே நிற்கும். அவர் சீராக்கத் தெரியாமல் போனைத் தட்டிக்கொண்டே இருக்கும்போது ஆறு மணி அடித்துவிடும்.

தன் திருத்தத்தைத் திறந்தாள். 'திரும்பப் பெறு' என்றிருந்த பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது.

தப்பான ஓர் எழுத்தைக் கண்டால் கடைப் பலகையைக்கூட நின்று முறைத்துவிட்டுப் போகிறவள் அவள். நிச்சயமாக என்று அழுத்தினாள்.

"கிளம்பு கிளம்பு," என்றார் லென்ஸ் அண்ணன். "கடையை நான் பார்த்துக்கறேன். கண்ணைத் துடைச்சுட்டுப் போ. கண்ணாடிக் கடையிலேருந்து அழுதுக்கிட்டே போனா வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?"

*

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அப்பாவும் அம்மாவும் தலையோடு தலை முட்டியபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவளைக் கண்டதும் அப்பா போனைக் கவிழ்த்தார்.

"கவுக்காதீங்கப்பா," என்றாள் பெரியவள். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மாடிப்படி."

அப்பாவின் முகம் திருட்டுப் பூனை முகமாகிவிட்டது. "உனக்கு எப்படி...?"

"கண்ணாடி நான்தான்பா."

அப்பா அவளையே பார்த்தார். பார்வை மெல்ல மாறியது. "நீயா? என்னைத் தெரியாத வேலையில கை வைக்காதேன்னு திட்டினது நீயா?"

"நீங்கன்னு தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது."

"ரெண்டு நாளு எனக்குச் சாப்பாடு இறங்கலைடி!"

அம்மா வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். "எனக்கு அப்பவே தெரியும். ஒரே வீட்டுல இந்த ரூம்ல ஒண்ணு, அந்த ரூம்ல ஒண்ணு. ரெண்டும் போனைக் கட்டிக்கிட்டு அழுதுச்சு. சொல்லலாம்னுதான் பார்த்தேன். ரெண்டு பேரும் சண்டை போடறதப் பார்க்கவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நீ பேசாதே," என்றார் அப்பா. "பெரிய ற போடுங்க, அப்பத்தான் எழுத்துக்குக் கனமா இருக்கும்னு சொல்லிக்கொடுத்தது யாரு?"

"எனக்குத் தெரிஞ்சதைத்தானே நான் சொல்ல முடியும்?"

பெரியவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அது ஏன்பா மாடிப்படின்னு பேரு?"

அப்பா விரல்களைப் பார்த்துக்கொண்டார். வருஷக்கணக்கில் ஏறிய கிரீஸின் கறுப்பு நகத்தடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. "லிஃப்ட்டு நின்னுபோச்சுல்ல. நானே நிறுத்தினதுதான். அவன்கிட்ட போகணும்னா இனி படியேறித்தானே போகணும்? ஒவ்வொரு படியா."

அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்போது இரண்டு போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. மாடிப்படிக்கு ஒரு பதில். கண்ணாடிக்கு ஒரு பதில்.

"படி," என்று அப்பா தன் போனை நீட்டினார். "எனக்குக் கண்ணு தெரியலை." கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

பெரியவள் படித்தாள். "மாடிப்படி அவர்களுக்கு. இந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை."

அப்பா மெல்லத் தலையாட்டினார். "சரி. அவன் எழுதினது. அவன் இஷ்டம்." எழுந்திருக்கப் போனார்.

"உட்காருங்கப்பா. இன்னும் இருக்கு." பெரியவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது எழுத்துப் பிழை இல்லை. இதைக் கையேட்டில் திருத்த முடியாது. என் அப்பாவைப் பற்றி நான் எழுதிய வரி சரியாகத்தான் இருக்கிறது. அவர் பழுதை விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. நேரமாகும். ஆனால் வந்துவிடுவார்."

அப்பா அவள் கையை இறுக்கினார். வலித்தது. பெரியவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"உனக்கு என்ன போட்டிருக்கான்?" என்றாள் அம்மா.

பெரியவள் தன் போனைப் பார்த்தாள். "திரும்பப் பெற்றுக்கொண்டதைப் பார்த்தேன். அந்த எழுத்து அப்படியே இருக்கட்டும். திருத்தினால் என் கைதானா என்று யாருக்குத் தெரியும், அக்கா?"

கடைசிச் சொல்லை அவள் இன்னொரு முறை படித்தாள்.

"அக்கான்னு போட்டிருக்கானா?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள். "எத்தனை நாளாத் தெரியுமோ திருட்டுப் பயலுக்கு!"

வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தின் முள் ஆறைத் தொட்டது. பெரியவள் கையேட்டைத் திறந்தாள். ஓரத்தில் இருந்த பென்சில் படம் காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் சின்னதாக ஒரு பூட்டு. முதல் வரியில் 'திறும்பாதே' அப்படியே இருந்தது. இனி யாரும் அதைத் தொட முடியாது.

"பூட்டிட்டானா?" என்றார் அப்பா.

"பூட்டிட்டான்பா."

நல்ல வார்த்தை வந்தது, உண்மைதான். ஆனால் நாளைக் காலையில் எழுந்து எதைத் திறப்பது? பெரியவளுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்பாவின் போன் அடித்தது.

திரையில் சின்னவன் எண்.

ஆயுசில் ஒரு போனையும் இரண்டாவது மணிக்கு விட்டதில்லை அப்பா. இன்றைக்கு அது அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பெரியவளிடம் நீட்டினார்.

"நீ பேசும்மா."

அன்றைக்குத் தட்டைப் பார்த்தவள் இன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான்பா வந்திருக்கு. எடுங்க. மாட்டிக்கிட்டவங்க காத்துக்கிட்டிருக்காங்கல்ல?"

அப்பா எடுத்தார். காதில் வைத்தார். என்ன பேசுவது என்று தெரியாத வாயிலிருந்து, தெரிந்த ஒன்றே வந்தது.

"பயப்படாதீங்க. உள்ள... உள்ள எத்தனை பேரு?"

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பெரியவளின் உதடு தானாக அசைந்தது. ஒருத்தன்தான். சீக்கிரம் வாங்க.

"ரெண்டு பேருப்பா," என்றான் சின்னவன்.

அவன் குரலுக்குப் பின்னால் பிறந்து அதிக நாள் ஆகாத ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதைத் தேற்றுகிற வேறு எந்தக் குரலும் கேட்கவில்லை.

அம்மா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். அங்கே கவிழ்ந்திருந்தது ஒரே ஒரு தட்டுதான்.